தேம்பாவணி காட்டாத திருநாடு

வீரமாமுனிவர் 1726-ஆம் ஆண்டில் இயற்றிய தேம்பாவணியைக் கற்றவர் எவரும் அதன் நாட்டுப் படலத்தை வியவாமல் கடந்து சென்றிருக்க இயலாது. புனித சூசையப்பரை 'வளன்' என்னும் தமிழ்ப்பெயரால் தலைவனாக்கி, 3 காண்டங்களில், 36 படலங்களில், 3,615 பாடல்களால் முனிவர் எழுப்பிய காப்பியம் அது. அதில் யூதேயா நாடு ஒரு தமிழ் மருத நிலமாகவே நம் கண்முன் விரிகின்றது. கடலில் நீர் முகந்த மேகம் மலைமேல் பொழிகின்றது, வெள்ளம் பெருகி வயலில் பாய்கின்றது, நெல் விளைகின்றது. கம்பர் கோசலத்துக்குச் செய்ததை முனிவர் யூதேயாவுக்குச் செய்தார். ஆண்டவர் பிறந்த நாட்டைத் தமிழன் அயல்நாடென்று எண்ணிவிடலாகாது என்ற அன்பு அதில் இருந்தது என்றே நான் கொள்கிறேன்.

ஆயின் அந்த அன்புக்கு ஒரு விலையும் உண்டு. யூதேயாவில் காவிரி பாய்ந்தபோது, அங்கே உண்மையாகவே ஏர் பிடித்தவன் நம் பார்வையிலிருந்து மறைந்துபோனான். மறைக்கல்வி வகுப்பில் நாம் கண்ட படங்களும் அவனைக் காட்டவில்லை. திருத்தூதர் பணிகள் நூலின் கடைசிப் பக்கத்தோடு மக்கள் குடியிருப்பதை நிறுத்திக்கொண்ட நாடு போலவே திருநாடு நம் மனத்தில் பதிந்துள்ளது. கோவில்கள் உண்டு, குகைகள் உண்டு, கல்லறை உண்டு. அவற்றைச் சுற்றி அன்றுமுதல் இன்றுவரை சமைத்து, தைத்து, கதை பேசி வாழ்ந்துவரும் பாலஸ்தீன மக்களைப் பற்றி நாம் அறிந்தது சொற்பம்.

உண்மையில் அந்த நாடு தஞ்சைக்கு உறவன்று, ஒட்டன்சத்திரத்துக்கு உறவு. மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில், கல்லும் செம்மண்ணும் கலந்த மேட்டு நிலத்தில், ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி விதைக்கும் நம் உழவனுக்குப் பெத்லகேம் மலைச்சரிவைக் காட்டினால், அவன் விளக்கம் கேட்க மாட்டான். அங்கும் மழை குளிர்காலத்து மழையே. கோடை முழுதும் வானம் வறண்டு கிடக்க, ஒலிவமும் அத்தியும் திராட்சையும் மண்ணின் ஈரத்தை மட்டுமே பற்றிக்கொண்டு நிற்கும். ஐப்பசியில் முதல் மழை பெய்து மரத்தின் தூசி கழுவப்பட்ட பின்பே ஒலிவக் காய் பறிக்க வேண்டும் என்பது அவ்வூர்ப் பெரியோர் வழக்கம். மழையை மட்டும் நம்பிச் செய்யும் வேளாண்மைக்குப் பாலஸ்தீன உழவர் இன்றும் வழங்கும் பெயர் 'பஅலி' என்பது. எலியா இறைவாக்கினர் கார்மேல் மலையில் எதிர்த்து நின்ற பாகால் என்னும் கானானியரின் மழைத் தெய்வத்தின் பெயரே அது! தெய்வம் போயிற்று, சொல் வயலில் தங்கிவிட்டது. நம் 'மானாவாரி' என்னும் சொல்லும் 'வானவாரி' என்பதன் திரிபே என்பர். இரு நாட்டு உழவரும் வானத்தைப் பார்த்தே தம் தொழிலுக்குப் பெயரிட்டிருக்கின்றனர்.

பெத்லகேமுக்கு மேற்கே பத்தீர் என்றொரு சிற்றூர் உண்டு. மலைச்சரிவைக் கற்சுவர்களால் படிப்படியாகக் கட்டி, ஊற்று நீரை வாய்க்கால் வழியே இறக்கி, காய்கறி விளைவிக்கும் ஊர். அங்குள்ள எட்டுக் குடும்பத்தார் ஆளுக்கொரு நாளாக நீரை முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதால், பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்பது வழங்கும் பேச்சு. பங்குக் கிணற்றில் 'இன்று யார் முறை' என்று கேட்டே பொழுது விடியும் நம் பக்கத்து உழவர்க்கு இதன் சுவை உடனே விளங்கும். பத்தீரின் கத்தரிக்காய் அந்நாடெங்கும் பெயர் பெற்றது என்ற செய்தியை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றி வருபவர்கள் சற்றுப் பொறாமையோடு கேட்கலாம். 2014-இல் யுனெஸ்கோ இச்சரிவுகளை உலக மரபுச் சின்னமாக ஏற்று, ஆபத்திலுள்ள சின்னங்களின் வரிசையிலும் சேர்த்தது. இஸ்ரேல் எழுப்பிவந்த பிரிவினைச் சுவர் அந்தப் படிகளின் ஊடே செல்லத் திட்டமிடப்பட்டிருந்ததே ஆபத்து.

தமிழக அரசு 2011 தொடங்கி எருசலேம் திருப்பயணத்துக்கு நிதியுதவி வழங்கத் தொடங்கிய பின், நம் பங்குகளிலிருந்தும் பலர் சென்று வந்துள்ளனர். அவர்கள் கொணர்ந்த ஒலிவ மரச் செபமாலையும் யோர்தான் நீரும் பல வீடுகளில் உள்ளன. அந்தச் செபமாலையைக் கடைந்தவர் யார் என்று அவர்களிடம் வினவினால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. குறை அவர்களுடையதன்று, பத்து நாளில் முப்பது தலங்களைக் காட்டும் பயணத்தில் மனிதரோடு பேசப் பொழுது ஏது?

பெத்லகேமின் கிறிஸ்தவர்களைச் சந்திக்கும் அயல்நாட்டார் அவர்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டாம்: நீங்கள் எப்போது மதம் மாறினீர்கள்? பெந்தக்கோஸ்து நாளில் எருசலேமில் கூடியிருந்தோரில் அரேபியரும் இருந்தனர் என்று திருத்தூதர் பணிகள் இரண்டாம் அதிகாரம் எழுதி வைத்திருக்க, அவர்களின் வழித்தோன்றல்களிடம் இந்தக் கேள்வி! இதே கேள்வியைத் தொடர்வண்டியிலும் அலுவலகத்திலும் கேட்டுப் பழகிய நமக்கு, அவர்கள் முகம் எப்படிச் சுளித்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

அந்த மக்களில் ஒருவர் நம் நாட்டுக்கே வந்து வாழ்ந்திருக்கிறார் என்பது பலர் அறியாத வரலாறு. மரியம் பவார்தி 1846 ஜனவரி 5-ஆம் நாள் கலிலேயாவில், நாசரேத்துக்கும் ஹைஃபாவுக்கும் இடையிலுள்ள இப்லீன் என்ற சிற்றூரில், மெல்கித்தியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு முன் பிறந்த 12 ஆண் மக்களும் சிசுப் பருவத்திலேயே இறந்துவிட, பெற்றோர் கால்நடையாகப் பெத்லகேமுக்குத் திருப்பயணம் சென்று வேண்டிப் பெற்ற மகள் அவர். அவருக்கு மூன்று வயதாகுமுன் தாய் தந்தை இருவரும் இறந்தனர். சிற்றப்பன் வீட்டில் வளர்ந்து, அலெக்சாந்திரியாவில் திருமணப் பேச்சை மறுத்து வெளியேறி, எருசலேமிலும் பெய்ரூட்டிலும் மார்செய்லிலும் வீட்டு வேலை செய்து பிழைத்தார். மறையைக் கைவிட மறுத்ததற்காகத் தம் கழுத்து வெட்டப்பட்டது என்று அவரே பின்னாளில் கூறியுள்ளார். 1867-இல் பிரான்சின் போ நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். எழுத்தறிவு மிகக் குறைவு; பிரெஞ்சு மொழி தட்டுத் தடுமாறியே வந்தது. மடத்தார் அவரைச் 'சிறிய அரபுப் பெண்' என்றே அழைத்தனர்.

1870 ஆகஸ்டில் மங்களூரில் கார்மேல் மடம் நிறுவச் சென்ற குழுவோடு அவரும் கப்பலேறினார். அப்பயணத்தின் கடுமை இன்று நாம் நினைத்துப் பார்க்க இயலாதது. சகோதரிகளில் மூவர் அதனால் உயிரிழந்தனர். எஞ்சியவர்கள் மங்களூர் வந்து மடத்தைத் தொடங்கினர். 1871 நவம்பர் 21, தேவதாயைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளன்று, மரியம் தம் துறவற வாக்குகளை இந்திய மண்ணில் அளித்தார். கலிலேயாவின் குடியானவப் பெண் ஒருத்தி தன்னை முழுதாகக் கடவுளுக்குக் கையளித்த இடம் கலிலேயாவும் அன்று, பிரான்சும் அன்று, மங்களூர். பெத்லகேமையும் போ நகரையும் பேசும் வரலாறுகள் இந்த ஈராண்டை விரைந்து கடந்துவிடுகின்றன. மங்களூருக்குத் தென்புறம் வாழும் நாமும் அப்படியே கடந்துவிட்டோம்.

மங்களூரில் அவருடைய ஆன்மிக அனுபவங்கள் ஐயத்துக்கு உள்ளாயின. 1872-இல் அவர் போ நகருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். ஆனால் அவர் மனத்தில் ஒரு மடம் எழும்பிக்கொண்டிருந்தது. 1875-இல் பெத்லகேமில் அதைக் கட்டத் தொடங்கினர். கட்டடத்தின் வடிவை அவரே கூறினார். கொத்தர்களோடும் சிற்றாள்களோடும் அவரே பேசினார். ஏனெனில் வந்திருந்த சகோதரியருள் அரபு மொழி அறிந்தவர் அவர் ஒருவரே. பிரான்சில் குறையாக இருந்த மொழி பெத்லகேமில் அடித்தளக் கல்லாயிற்று. 1878 ஆகஸ்டு மாதத்து வெயிலில், வேலையாள்களுக்குக் குடிநீர் எடுத்துச் செல்லும்போது படியில் விழுந்து கை முறிந்தது. புண் அழுகிப் பரவியது. 26-ஆம் நாள், 32-ஆம் வயதில் இறந்தார். 2015 மே 17-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அன்றே புனிதராக உயர்த்தப்பட்ட மற்றொரு பாலஸ்தீனர் எருசலேமில் பிறந்த மரி-அல்போன்சின் கத்தாஸ். அரபுப் பெண்களுக்கென 1880-இல் செபமாலை அருட்சகோதரிகள் சபை தோன்றக் காரணமானவர் அவரே.

மரியத்தின் தாய் எத்தகைய ஆடை உடுத்தியிருப்பாள் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். பாலஸ்தீனக் கிராமத்துப் பெண்ணின் நீண்ட அங்கியில், மார்பிலும் கையிலும் விளிம்பிலும் குறுக்குத் தையலால் பூவேலை நிறைந்திருக்கும். சைப்ரஸ் மரமும் விண்மீனும் பறவையும் அதில் வரும். வட்டாரத்துக்கு வட்டாரம் கோலமும் நிறமும் வேறுபடுவதால், ஓர் அங்கியைப் பார்த்தே அவள் எந்தப் பக்கத்தாள் என்று மூதாட்டிகள் சொல்லிவிடுவர். பெத்லகேமில் மட்டும் பட்டு நூலையும் பொன்னிழையையும் துணிமேல் கிடத்தித் தைக்கும் தனிமுறை இருந்தது. மற்ற ஊர் மணப்பெண்களும் அதை விரும்பினர். சின்னாளபட்டிச் சுங்குடியை முடிச்சின் நெருக்கம் கொண்டு மதிப்பிடும் நம் பெண்கள் இதில் தேர்ந்த நடுவர்களாக இருப்பர்.

1948-இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் தம் ஊர்களிலிருந்து வெளியேறினர், அல்லது வெளியேற்றப்பட்டனர். ஊர்கள் அழிந்தன, அவற்றின் கோலங்கள் அகதி முகாம்களில் பெண்களின் விரல்களில் எஞ்சின. ஆண்களுக்கு வேலையில்லாத முகாமில் ஊசியே பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. 1987-இல் எழுந்த மக்கள் கிளர்ச்சியின்போது பாலஸ்தீனக் கொடியைப் பொதுவில் காட்டத் தடை இருந்தது. பெண்கள் கொடியின் நான்கு நிறங்களையும் தம் அங்கியின் மார்பில் தைத்துக்கொண்டு தெருவில் நடந்தனர். கொடியைப் பறிக்கலாம், தாயின் மேலாடையைப் பறிக்க எந்தப் படைவீரன் துணிவான்? 2021-இல் இத்தையற்கலை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம் பெற்றது.

ஆண்களின் கைவினை சிப்பியும் ஒலிவ மரமும். பிரான்சிஸ்கன் துறவியர் ஊக்குவிக்க, 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் பெத்லகேம் கைவினைஞர் முத்துச்சிப்பியில் சிலுவையும் செபமாலையும் திருக்கல்லறைக் கோவிலின் சிறு வடிவங்களும் செதுக்கத் தேர்ந்தனர். பின்னர் அவற்றை விற்கக் கடல் கடந்தவர்கள் பலர் அங்கேயே தங்கினர். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் இன்று பாலஸ்தீன வழியினர் ஏறக்குறைய 5 இலட்சம் பேர் இருப்பதாக மதிப்பிடுகின்றனர். பெரும்பாலோர் பெத்லகேம், பெய்த் ஜாலா, பெய்த் சாகூர் ஊர்களின் கிறிஸ்தவக் குடும்பத்தார். அவர்கள் 1920-இல் தொடங்கிய பாலஸ்தீனோ கால்பந்துக் கழகம் இன்றும் ஆடிவருகிறது. கிறிஸ்து பிறந்த ஊரின் மக்கள் பெத்லகேமில் இருப்போரைவிட அங்கே மிகுதி என்பது மகிழ்ச்சி தரும் கணக்கன்று.

உணவைப் பற்றிச் சொல்லாமல் அம்மக்களைப் பற்றிச் சொல்லி முடியாது. அடுப்பிலிருந்து எடுத்த அப்பத்தைப் புது ஒலிவ எண்ணெயில் தோய்த்து, எள்ளும் காட்டுத் துளசியை ஒத்த ஒரு மூலிகையும் கலந்த ஸஅத்தர் பொடியில் தொட்டு உண்பதே காலை உணவு. இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் ஊற்றிக் குழைப்பவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். கத்தரிக்காய், இறைச்சி, அரிசி மூன்றையும் அடுக்கடுக்காக வைத்து வேகவைத்து, விருந்தினர் முன்னே பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கும் சோற்றுக்கு 'மக்லூபா', அதாவது கவிழ்த்தது, என்று பெயர். திண்டுக்கல் பிரியாணியின் பெருமை பேசுவோர் அதைச் சுவைத்த பின் தீர்ப்பு வழங்குவது நலம்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆண்டின் திருநாள்கள் அடுக்களையிலும் நடைபெறும். டிசம்பரில் புனித பார்பரா திருநாளன்று முழுக் கோதுமையை வேகவைத்து, சர்க்கரையும் சோம்பும் பட்டையும் உலர்ந்த திராட்சையும் சேர்த்து 'புர்பாரா' என்னும் பாயசம் செய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தனுப்புவர். முஸ்லிம் வீடுகளிலும் அதைச் செய்வதுண்டு. உயிர்ப்புத் திருநாளுக்குப் பேரீச்சம்பழம் வைத்த வளையப் பலகாரம் செய்வர்; அது முள்முடியைக் குறிக்கும். அதனோடு செய்யும் 'மஅமூல்' ஆண்டவருக்குக் காடி தோய்த்து நீட்டிய கடற்காளானைக் குறிக்கும் என்பர். தவக்காலம் முடியும்வரை குழந்தைகள் அதைத் தொடாமலிருக்கத் தாய்மார் படும் பாடு எல்லா நாட்டிலும் ஒன்றே போலும்.

வெண்ணெய்க்குப் பெயர் பெற்ற ஒட்டன்சத்திரத்தார்க்கு இன்னுமொரு செய்தி. இடையர்களுக்கு வானதூதர் தோன்றிய வயல்வெளியை அடுத்த பெய்த் சாகூர், கிறிஸ்தவர் பெரும்பான்மையாக வாழும் ஊர். 1988-இல் அவ்வூரார், இஸ்ரேலிய நிறுவனங்களின் பாலை வாங்குவதில்லை என முடிவு செய்து, 18 பசுக்களை வாங்கித் தாமே கறந்து ஊருக்கு ஊற்றினர். அவர்களில் பலர் அதுவரை பசுவைத் தொட்டறியாதவர்கள்! அப்பசுக்கள் பாதுகாப்புக்கு ஊறு என்று இராணுவம் தேடத் தொடங்க, ஊரார் அவற்றை வீடு வீடாக, குகை குகையாக ஒளித்து வைத்தனர். நகைப்புக்குரிய இந்நிகழ்ச்சி 2014-இல் திரைப்படமாகவும் வந்தது. அவ்வூர் வரி செலுத்தவும் மறுத்தது. வீட்டுப் பொருள்கள் பறிமுதல் செய்யப்பட்டபோதும் கல்லெடுத்து எறியாமல் நின்றது. காந்தியடிகளின் உப்பு யாத்திரையைத் திண்டுக்கல் சந்தையில் பேசிப் பேசி வளர்ந்த தலைமுறைக்கு இது புதிய மொழியன்று.

இனி, பேச்சு. குளிர்கால இரவுகளில் மூதாட்டிகள் பெண்களையும் குழந்தைகளையும் சுற்றி இருத்திச் சொல்லும் கதைகளுக்கு 'ஹிகாயே' என்று பெயர். யுனெஸ்கோ 2005-இலேயே இக்கதைமரபை மனிதகுலத்தின் அரிய செல்வமென அறிவித்தது. ஏட்டில் எழுதிய பாலஸ்தீனம் தமிழுக்கு வந்த வரலாறும் சுவையானதே. கல்முனையில் பிறந்த கவிஞரும், பின்னாளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்தவருமான எம்.ஏ. நுஃமான், ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981-இல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. மஹ்மூத் தர்வீஷ் பிறந்த அல்-பிர்வா என்னும் ஊர் 1948-இல் இல்லாமற்போனது. மரியம் பிறந்த இப்லீனும் அல்-பிர்வாவும் ஒரே மேற்குக் கலிலேயாவின் ஊர்கள். ஊரிழந்த அந்தக் கவிஞனின் குரலை ஈழத்து வாசகர்கள் 1983-க்குப் பின் எந்தக் காதால் கேட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் காது நம் மாவட்டத்திலும் உண்டு. திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர்க்கென 321 வீடுகள் கட்டித் திறந்துவைக்கப்பட்டது 2022 செப்டம்பரில். அதற்கு முன் ஏறத்தாழ நாற்பது ஆண்டு முகாம் வாழ்க்கை. புட்டும் சொதியும் அவர்கள் அடுப்பில் மாறவில்லை. 'கதைப்பது' என்னும் சொல்லைப் பேரப்பிள்ளைகளும் விடவில்லை. நிலம் கைவிட்டுப் போனபின் ஒரு மக்கள் எதில் குடியிருக்கின்றனர் என்பதை அறிய நாம் பெத்லகேம்வரை போகவேண்டியதில்லை.

1922-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் பாலஸ்தீனத்தில் கிறிஸ்தவர் நூற்றுக்கு 10 பேரை ஒட்டி இருந்தனர். 2017-இல் மேற்குக் கரையிலும் காசாவிலும் சேர்த்து அவர்கள் 47,000 பேர், நூற்றுக்கு ஒருவர். போரும், நிலப் பறிப்பும், சோதனைச் சாவடிகளும், வேலையின்மையும் அவர்களைக் கப்பலேற்றின. காசாவில் மட்டும் போருக்கு முன் ஏறக்குறைய 1,000 பேர். 4-ஆம் நூற்றாண்டில் புனித இலாரியோன் துறவு வாழ்க்கையை வேரூன்றச் செய்த மண் அது. அவருடைய மடத்தின் இடிபாடுகளை யுனெஸ்கோ 2024-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். தொடர்ந்த போரில் காசாவில் மாண்டோர் பல்லாயிரவர். அக்டோபர் 19 அன்று பழம்பெரும் புனித போர்பீரியுஸ் கோவில் வளாகம் தாக்கப்பட்டது. காசாவின் ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்பக் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தாயும் மகளும் டிசம்பர் 16-இல் வளாகத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். போர் தொடங்கிய சில நாள்களிலிருந்து திருத்தந்தை பிரான்சிஸ் அந்தப் பங்குக்கு மாலைதோறும் தொலைபேசியில் பேசி வந்தார். மருத்துவமனையில் இருந்த நாள்களிலும் கூடியவரை அதை விடவில்லை. நீண்ட உரையாடல்கள் அல்ல, நலமா என்பார், இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். கடைசியாகப் பேசியது 2025 ஏப்ரல் 19, பெரிய சனிக்கிழமை. 21-ஆம் நாள் அவர் இறந்தார்.

2025 ஜூலை 17-இல் அக்கோவில் மீண்டும் தாக்கப்பட்டு மூவர் இறந்தனர். பங்குத்தந்தை கபிரியேல் ரோமனெல்லி காயமுற்றார். மறுநாளே எருசலேமின் இலத்தீன் மறைமுதுவர் கர்தினால் பிட்சபல்லாவும் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் மறைமுதுவர் மூன்றாம் தெயோபிலோசும் காசாவுக்குள் சென்று அம்மக்களைக் கண்டனர். ஆகஸ்டில் காசா நகரை விட்டு மக்கள் வெளியேறவேண்டும் என்ற நிலை வந்தபோது, தஞ்சம் புகுந்த முதியோரையும் நோயாளரையும் விட்டுப் போவதில்லை என்று குருக்களும் அருட்சகோதரிகளும் முடிவு செய்திருப்பதாக இரு மறைமுதுவர்களின் தலைமையகங்களும் கூட்டாக அறிவித்தன. அங்கே தங்கியவர்களுள் கொல்கத்தாவில் அன்னை தெரசா தொடங்கிய சபையின் சகோதரிகளும் இருந்தனர். உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கு உணவூட்டுவது அவர்கள் பணி.